ஐந்து பி தமிழ் வகுப்பு: அனைவருக்கும் பகிரவும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வந்திருக்கக் கூடாது. கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு 'வகுப்பறையில் தொழில்நுட்பம்: நன்மைகளும் தீமைகளும்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செய்கு அலாவுதீன் காக்கா கேட்டிருந்தார். காக்காவுக்கு மனாமாவில் துணிக்கடை, சொந்த ஊர் காயல்பட்டினம். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பஹ்ரைனில் இருக்கும் தமிழர்கள் அத்தனை பேருக்கும் அவர் காக்காதான்.

என்னிடம் ஏன் கேட்டார் என்பது எனக்கும் புரியவில்லை. நான் ஈசா டவுனில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள். போன வருட மலரில் பல் துலக்குவது பற்றி எழுதினேன், யாரும் சண்டைக்கு வரவில்லை. அது ஒன்றுதான் என் தகுதி.

"தங்கச்சி, நன்மை நாலு, தீமை நாலு. கடைசியில 'நல்லதை எடுத்துக்குவோம், கெட்டதை விட்டுடுவோம்'னு ஒரு வரி. ஹலாஸ், முடிஞ்சது வேலை! வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துடணும்" என்று வாய்ஸ் நோட் வந்தது.

உட்கார்ந்தேன்.

இன்றைய நவீன யுகத்தில் தொழில்நுட்பம் என்பது மனித வாழ்வின் இன்றியமையாத

(நிறுத்து. இந்த வாக்கியம் மலர் தொடங்கிய வருடத்திலிருந்து எல்லா மலரிலும் இருக்கிறது. அச்சகத்தில் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.)

தொழில்நுட்பம் ஒரு கத்தி போன்றது. அது மருத்துவர் கையில் இருந்தால்

(எங்கள் டாக்டர் கையில் இருப்பதைப் பார்த்தால் நோயாளிகள் வாயைத் திறக்கவே மறுக்கிறார்கள். இதுவும் வேண்டாம்.)

இந்த இடத்தில்தான் என் ஃபோன் அதிர்ந்தது. கட்டுரை அத்தோடு போயிற்று.

2

வந்த செய்தி இது:

"ஐந்து பி தமிழ் க்விஸ். பாடம்: கடலும் காற்றும். இன்று பத்து மணி. லிங்கைத் தொட்டு உள்ளே வரவும். டேப்லெட்டில் சார்ஜ் இருக்கட்டும். அனைவருக்கும் பகிரவும்."

'ரத்த தானம் பஹ்ரைன்' குழுவில் ஒரு முறை, 'வளைகுடா வேலைவாய்ப்பு' குழுவில் ஒரு முறை, மீன் குழம்புக்கென்றே இருக்கும் ஒரு குழுவில் ஒரு முறை என்று மூன்று பக்கத்திலிருந்தும் வந்தது.

இங்கே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வளைகுடாவில் 'அனைவருக்கும் பகிரவும்' என்று ஒரு செய்தி வந்தால் நாங்கள் படித்துவிட்டுப் பகிர மாட்டோம். பகிர்ந்துவிட்டுத்தான் படிப்போம். ரத்தம் வேண்டும், பாஸ்போர்ட் தொலைந்தது, தம்மாமில் டிரைவர் வேலை, ரூமில் ஒரு ஆள் படுக்க பெட்ஸ்பேஸ் காலி என்று எதுவாக இருந்தாலும் அந்த நிமிடமே அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். யாரோ ஒருவருக்கு உயிர் போகிற அவசரமாக இருக்கலாம் அல்லவா? அந்த நல்ல மனசில்தான் இந்த ஐந்தாம் வகுப்புக் க்விஸும் ஆறு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

நானும் லிங்கைத் தொட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். உள்ளே ஒருவருக்கு மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தது. அது வேலை செய்கிறவரை எனக்கு வேலை இல்லை. செயலி 'உங்கள் பெயர்?' என்று கேட்டது, நான் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் அடித்தேன்.*

* இதுவும் இந்த ஊர்ப் பழக்கம். எந்தக் கட்டம் பெயரைக் கேட்டாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கொடுத்துவிடுவோம். சிலர் ஊர், தொழில் எல்லாம் சேர்த்துவிடுவார்கள். திரையில் எனக்கு மேலே இருந்த பெயர்: சாதிக் பாட்ஷா பகாலா ஃபர்வானியா குவைத் டெலிவரி உண்டு. (பகாலா என்றால் இங்கே மளிகைக் கடை.)

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது என் ஃபோன் திரையில் வந்தது மட்டும்தான். மற்றதெல்லாம் நான் கட்டியது. எது எது என்று போகப் போகச் சொல்வேன்.

3

இப்போது ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும்.

பஹ்ரைனில் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடம். பெயர் கிடையாது, தேடாதீர்கள். அதில் ஐந்து பி. சுவரில் ஸ்மார்ட் போர்டு. அதனுடைய பேனா வந்த வாரமே காணாமல் போய், விரலால்தான் எழுதுகிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டேப். பாதி டேபில் சார்ஜ் இல்லை. (தீமை ஒன்று. காக்கா, எண்ணிக்கொள்ளுங்கள்.)

தமிழ் மிஸ் பெயர் ஷஹீரா. முதலில் அவரைச் சாக்பீஸை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் டீச்சராக எழுதினேன். அரைப் பக்கம் போவதற்குள் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அழித்தேன். இந்த ஷஹீரா மிஸ்ஸுக்குச் சாக்பீஸ் என்றாலே தும்மல் வரும். புதிதாக எந்தச் செயலி வந்தாலும் முதல் ஆளாக இறக்கி, அமைப்புகளின் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்துவிடுகிற ரகம் அவர்.

அப்படிப் போய்ப் பார்த்ததில் இந்தக் க்விஸ் செயலியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். சீக்கிரம் அழுத்துகிறவர்களுக்கு அது கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறது. மிஸ் அதை அணைத்துவிட்டார். நேரக் கெடுவையும் அணைத்தார். இனி எல்லாரும் பதில் அழுத்தி முடிக்கிறவரை செயலி காத்திருக்கும், யாருக்காகக் காத்திருக்கிறது என்று பெயரையும் காட்டும். ரொம்ப நேரம் ஆனால் மிஸ் போர்டில் 'அடுத்து' பொத்தானைத் தொட்டுத் தள்ளிவிடலாம்.

ஏன் அணைத்தார்? அக்ஸாவுக்காக. அவளிடம் வருகிறேன்.

அதற்கு முன்னால், செய்தி எப்படி ஊர் சுற்றியது? மிஸ் பெற்றோர் குழுவில்தான் போட்டார். ஆனால் அவர் பொழுது விடிந்தால் ரத்தம், வேலை, அறை என்று நாலு குழுக்களுக்குச் செய்தி அடிக்கிறவர். அத்தனை செய்தியும் ஒரே வரியில்தான் முடியும். கை பழக்கத்தில் இதற்கும் அதையே அடித்துவிட்டது. பெற்றோர்களும் கடமை தவறாமல் பகிர்ந்துவிட்டார்கள்.

4

அக்ஸா.

(இவள் பெயரை நான் திரையில் பார்த்தேன். பெயர் நிஜம், பிள்ளை என் கற்பனை.)

அக்ஸாவுக்குப் பதில் தெரியும். பிரச்சினை என்னவென்றால் அது அவளுக்கு முதலில் இங்கிலீஷில் வரும். அதை உள்ளேயே தமிழாக்கி, சரிதானா என்று ஒரு முறை பார்த்து, கையைத் தூக்கலாமா என்று நினைப்பதற்குள் முன் பெஞ்சு ஹஸ்னைன் கத்தியிருப்பான். ஹஸ்னைன் கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லுகிற பிள்ளை. பாதி தப்பாக இருக்கும், ஆனால் முந்திக்கொண்டுவிடுவான். வருடம் முழுக்க அக்ஸா கையைத் தூக்கியதே இல்லை. அவளுக்குத் தமிழ் வராது என்று வகுப்பே முடிவு கட்டிவிட்டது. பாவம், அவளும் கொஞ்சம் கொஞ்சமாக அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

டேபில் அந்தக் கதை இல்லை. யார் கத்தினாலும் செயலி கண்டுகொள்ளாது. போன மாதம் நடந்த சின்னக் க்விஸில் அக்ஸா நாலாவதாக வந்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. (நன்மை ஒன்று. காக்கா, இதற்குத் தனியாக ஒரு பக்கம் தர மாட்டீர்களா?)

அவளுடைய அம்மா தேவகனி பஹ்ரைனில் நர்ஸ். அப்பா டெனிஷ் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் வண்டி ஏசி பழுது பார்க்கிறவர். ஊர் கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை. ஆளுக்கொரு நாட்டில் விசா கிடைத்ததால் குடும்பம் இரண்டாக இருக்கிறது. சாயங்காலம் டூட்டி முடிந்ததும் டெனிஷ் வீடியோ காலில் வருவார். அக்ஸா தமிழ்ப் புத்தகத்தை கேமராவுக்கு முன்னால் பிடிப்பாள்.

"மக்ளே, புக்கைக் கொஞ்சம் மேல பிடி. வெளிச்சம் அடிக்குது."

"இப்பம் தெரியுதாப்பா?"

"தெரியுது, தெரியுது. வாசி, நானும் கூட வாசிக்கேன்."

அப்படி இரண்டு பேரும் சேர்ந்தே ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு மறந்துபோனதை அவளும், அவளுக்கு வராததை அவரும் சொல்லிக்கொள்வார்கள்.

முந்தின நாள் பாடம் முடிந்ததும் அக்ஸா சொன்னாள்: "அப்பா, நாளைக்கு நான் ஃபர்ஸ்ட் வருவேன். பாத்துக்கிட்டே இருங்க."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

"அப்பா பாப்பேன் மக்ளே, கேட்டியா? கண்டிப்பா பாப்பேன்" என்றார் டெனிஷ்.

தேவகனி பகிர்ந்த லிங்க் காலையில் வந்ததும் அதனால்தான் தொட்டார். வேடிக்கை பார்க்க மட்டும் என்று ஒரு பொத்தானைத் தேடினார், இல்லை. பார்க்க வேண்டுமென்றால் விளையாட வேண்டும். சரி என்று பெயர் அடித்தார்: டெனிஷ் ஷார்ஜா.

ஆக, இந்தக் கதையில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். அக்ஸா முதலாவதாக வர வேண்டும். அதற்குக் குறுக்கே யார் வரப் போகிறார் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்கு இந்த இடத்தை எழுதும்போது பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

5

க்விஸ் தொடங்கியது. போர்டின் மூலையில் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வகுப்பில் இருப்பது இருபத்துச் சொச்சம் பேர். எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

"மிஸ், வீ ஆர் வைரல்!" என்றான் ஹஸ்னைன்.

"ஏதோ கோளாறு, பிள்ளைகளா. நீங்க கேள்வியைப் பாருங்க" என்றார் ஷஹீரா மிஸ்.

முதல் கேள்விக்கு வகுப்பில் எல்லாரும் பதில் அழுத்தினார்கள். செயலி நகரவில்லை. போர்டில் பெரிய எழுத்தில் வந்தது: காத்திருக்கிறது: சாதிக் பாட்ஷா பகாலா ஃபர்வானியா குவைத் டெலிவரி உண்டு.

(இது நிஜம். என் ஃபோனிலும் வந்தது. அவர் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்கிறேன். குவைத்தில் ஒருவர் வெங்காயம் நிறுத்து முடிக்கிறவரை பஹ்ரைனில் ஒரு வகுப்பு காத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.)

"யாரு மிஸ் அது?" என்றது வகுப்பு.

நஜீஹா எழுந்தாள். "மிஸ், அது எங்க பெரியாப்பா. குவைத்ல கடை வச்சிருக்காங்க."

சாதிக் பாட்ஷா ஒரு வழியாக அழுத்தினார். தப்பான பதில். வகுப்பு ஆரவாரம் செய்தது.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா! காற்றைப் பற்றிய கேள்விகளில் பெரியவர்கள் வரிசையாக முன்னேறினார்கள். எழுவாய், பயனிலை என்று வந்ததும் வளைகுடாவே தடுமாறியது. நானும் அங்கேதான் விழுந்தேன். அடேயப்பா, எத்தனை வருடம் ஆயிற்று! ஊசி போட்டுக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, மரத்த வாயோடு ஏதோ விடை சொன்னார். ஒரு எழுத்துகூட விளங்கவில்லை, நானாக ஒன்றை அழுத்தினேன். தப்பு.

பட்டியலின் தலையில் இரண்டு பெயர்கள் மட்டும் அசையாமல் நின்றன. அக்ஸா. டெனிஷ் ஷார்ஜா. இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். வேகத்துக்கு மதிப்பெண் இல்லாததால் மேலே கீழே என்று எதுவும் இல்லை. 'சமநிலை இருந்தால் கடைசிக் கேள்விக்கு முதலில் சரியாக அழுத்துபவர் வெற்றியாளர்' என்று செயலி அடியில் சின்னதாகப் போட்டிருந்தது. இதை மட்டும் அணைக்க மிஸ் எவ்வளவு தேடியும் வழி இல்லை.

6

இந்த நேரத்தில் கௌரிசங்கர் சார் உள்ளே வருகிறார். பள்ளியில் கணினி, டேப் எல்லாம் அவர் பொறுப்பு.

(இவரை முதல் வரைவில் வில்லனாக்கினேன். மீசை கொடுத்தேன், கையில் பிரம்பு மாதிரி ஒரு சுருட்டிய காகிதம் கொடுத்தேன். பிறகு அவருக்கு வசனம் எழுதப் போனால், அவர் சொல்வது நியாயமாக இருக்கிறது! என்ன செய்ய? மீசையை எடுத்துவிட்டேன்.)

"மிஸ், இதுல யார் யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பேரண்ட்ஸ்தான் சார்."

"எல்லாருமா? வகுப்புக் கதவைப் பூட்டி, வாசல்ல செக்யூரிட்டி போட்டு வச்சிருக்கோம். இங்க பாருங்க, போர்டு வழியா நூறு பேரு உள்ள வந்து உக்காந்திருக்காங்க. நம்ம பிள்ளைங்க பேரு எல்லாம் அவங்க ஃபோன்ல தெரியுது. நிறுத்திடுங்க மிஸ்."

அவர் சொன்னது சரி. தீமைகளில் பெரிய தீமை இதுதான் என்று நான் நினைக்கிறேன். செயலி யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. பெயரைக் கேட்கும், அவ்வளவுதான்.

ஷஹீரா மிஸ்ஸின் முகம் சுருங்கிப்போனது. அக்ஸா டேபை இறுக்கிப் பிடித்திருந்தாள். இப்போது நிறுத்தினால் அவள் முதலாவதாக வந்ததும் இல்லை, வராததும் இல்லை.

"சார், ஒரு நிமிஷம் கொடுங்க" என்றார் மிஸ். "பிள்ளைகளா, நான் ஒவ்வொரு பேரா தொடுவேன். உங்க வீட்டு ஆளா இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க. யாரும் சொல்லலைன்னா வெளிய அனுப்பிடுவேன்."

போர்டில் ஒரு பெயரைத் தொட்டால் அவர் ஆட்டத்திலிருந்து போய்விடுவார். மிஸ் தொடத் தொடங்கினார்.

"தட்ஸ் மை வாப்பா, மிஸ்!"

"எங்க சித்தப்பா! தோஹாவுல இருக்காங்க!"

"சாகிர் என் மாமா மிஸ். ராஜிக்னு இருக்கே, அவரும் என் மாமா. நிஜாமும் என் மாமா" என்றான் ஹஸ்னைன்.

"நிஜாம் மாமா எங்கடா வேலை பாக்குறாரு?"

ஹஸ்னைன் யோசித்தான். "ஆபீஸ்ல மிஸ்."

நிஜாம் வெளியே போனார்.

மிஸ்ஸின் விரல் பட்டியலின் தலைக்கு வந்தது. டெனிஷ் ஷார்ஜா.

அக்ஸாவுக்கு வார்த்தை இங்கிலீஷில் வந்தது, உள்ளே தமிழாகத் தொடங்கியது, சரிதானா என்று பார்க்கப் போனது. விரல் போர்டை நோக்கி நகர்ந்தது.

"மிஸ்! தொடாதீங்க! அது எங்க அப்பா!"

எழுந்து நின்று, கையையும் தூக்கி, வகுப்பே அதிரும்படி கத்தினாள். ஹஸ்னைன்கூட வாயை மூடிக்கொண்டான். ஷஹீரா மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதும்போது எனக்கும்தான். நான் கட்டிய பிள்ளைக்கு நானே அழுகிறேன், என்னைக் கேலி செய்யாதீர்கள்.

கௌரிசங்கர் சார் தொண்டையைச் செருமினார். "சரி, அவரை விடுங்க" என்றார்.

7

இப்போது நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்த வகுப்பில் என் பெயரைக் கேட்டு யாரும் எழுந்து நிற்கவில்லை. நிற்க யாருமில்லை. என் ஃபோனில் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. பிறகு ஒரு வரி வந்தது: 'ஆசிரியர் உங்களை இந்த ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்.' கடைசிக் கேள்விக்கு முன்னால்.

கோபம் வரவில்லை. அந்த வகுப்பில் எனக்கு என்ன வேலை? யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் கதையை எழுதுகிறவளே தன் கதையிலிருந்து நீக்கப்பட்டால் முடிவை எப்படி எழுதுவாள்? வாசலில் நின்றுகொண்டு சில முடிவுகளை முயன்று பார்த்தேன்.

முடிவு அ. கேள்வி: தெற்கிலிருந்து வீசும் காற்று எது? கொண்டல், கோடை, வாடை, தென்றல். டெனிஷ் மகளுக்காக வேண்டுமென்றே தப்பாக அழுத்துகிறார். அக்ஸா முதலிடம். எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

(நல்ல அப்பா. ஆனால் அக்ஸா விட மாட்டாள். "நேத்து நீங்கதானப்பா சரியாச் சொன்னீங்க! ஏன் தப்பாப் போட்டீங்க?" என்று அன்று சாயங்காலமே பிடித்துக்கொள்வாள். விட்டுக்கொடுத்து வாங்கிய முதலிடம் அவளுக்கு எதற்கு?)

முடிவு ஆ. டெனிஷ் சட்டென்று சரியாக அழுத்துகிறார். கராஜில் எல்லாரும் "சாபாஷ் பாய்!" என்கிறார்கள். அப்புறம்தான் அவர் இரண்டாவது பெயரைப் பார்த்து

(முடியாது. எழுத மாட்டேன்.)

முடிவு இ. நெட் போய்விட்டது.

(இதை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.)

8

அதனால் என்ன நடந்தது என்று விட்டுவிட்டு, என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வி போர்டில் இருக்கிறது. வகுப்பில் எல்லாரும் அழுத்திவிட்டார்கள். வாப்பாக்களும் சித்தப்பாக்களும் அழுத்திவிட்டார்கள். அதிசயமாகச் சாதிக் பாட்ஷாகூட அழுத்திவிட்டார். போர்டில் இப்படி வருகிறது:

காத்திருக்கிறது: அக்ஸா, டெனிஷ் ஷார்ஜா.

ஷார்ஜாவில் டெனிஷ் கையைத் துணியில் துடைத்துவிட்டு ஃபோனைப் பிடித்திருக்கிறார். விடை தெரியும். முதலில் மகள் அழுத்தட்டும், அப்புறம் அழுத்துவோம் என்று விரலைத் தூக்கி வைத்திருக்கிறார். "டெனிஷ் பாய், ஜல்தி, கஸ்டமர் நிக்கிறாரு" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. "ஒரு நிமிசம் பாய், எனக்க மோளு யோசிக்கா" என்கிறார்.

அக்ஸா யோசிக்கவில்லை. அவளுக்கும் விடை தெரியும்.

"அக்ஸா, அழுத்து! ப்ரெஸ் இட்!" என்று வகுப்பு கத்துகிறது. தமிழ் வராது என்று முடிவு கட்டிய அதே வகுப்பு.

"இருங்க" என்கிறாள் அக்ஸா. "அப்பா பேரு மேல வரட்டும். அவங்களும்தான் படிச்சாங்க."

கௌரிசங்கர் சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். "மிஸ், 'அடுத்து' பொத்தான் இருக்கே?"

"இருக்கு சார்" என்கிறார் ஷஹீரா மிஸ். கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

9

இதை இப்படியே காக்காவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் வாய்ஸ் நோட் வந்தது.

"தங்கச்சி, நான் கேட்டது கட்டுரை. நன்மை ஒண்ணுதான் இருக்கு. தீமை ரெண்டு தேறும். முடிவுரையக் காணோம். மலர்ல எந்தப் பக்கத்துல போடுறது இத?" கொஞ்ச நேரம் கடைச் சத்தம் கேட்டது. யாரோ மீட்டர் என்ன விலை என்று கேட்டார். "அது கெடக்கட்டும். கடைசியில யாரும்மா மொதல்ல அழுத்துனா?"

"தெரியாது காக்கா. என்னைத்தான் வெளியே அனுப்பிட்டாங்களே" என்றேன்.

"அப்ப நானா ஒண்ணு வச்சுக்கவா?"

"வச்சுக்கங்க."

என்ன வைத்துக்கொண்டார் என்று அவர் சொல்லவில்லை. நீங்களும் என்னிடம் சொல்ல வேண்டாம். பள்ளி மணி இன்னும் அடிக்கவில்லை, இரண்டு பெயரும் போர்டில் இருக்கின்றன, மிஸ் பொத்தானைத் தொடப் போவதில்லை. யார் முதலில் அழுத்தினார்கள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மெதுவாக யோசியுங்கள். இந்த வகுப்பில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது.